ஹெவி லைசென்ஸ் வாங்கியாச்சு, முதல் லாரி வேலையை எப்படிப் பிடிப்பது?

புது ஹெவி லைசென்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாமக்கல்லில் லாரிகளுக்கு லோடு பேசிக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும் பையன்களை இப்போதும் பார்க்கிறேன். போகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான். "எத்தன வருசம் ஓட்டியிருக்க கண்ணு?" இப்பத்தாங்க லைசென்ஸ் வந்துச்சு என்று சொன்னதும் ஓனர் தலையை ஆட்டிவிட்டு போனைக் கையில் எடுத்துக்கொள்வார், அதோடு பேச்சு முடிந்தது. வண்டியையே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும் என்று நொந்துபோய் அந்தப் பையன் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவான். அதே தெருவில் இன்னொரு ஓனர் டிரைவர் கிடைக்காமல் இரண்டு வண்டியை ஷெட்டில் நிறுத்தி வைத்திருப்பார்.

நானும் இருபத்தொரு வயதில் இப்படி மூன்று மாதம் அலைந்தவன். அப்புறம் பல வருடம் லைனில், அதாவது வெளிமாநில நீண்ட தூர ஓட்டத்தில், ஓட்டினேன். இப்போது சொந்தமாக ஒரு வண்டி இருக்கிறது, அதற்கு டிரைவர் தேடுகிற ஆளும் நான்தான். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததால் எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஓனர் பக்கத்து நியாயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஆறு சக்கர வண்டி லோடோடு 18.5 டன், பத்து சக்கரம் 28.5 டன். பெரும்பாலான வண்டிகள் கடனில் ஓடுகின்றன, மாதம் பிறந்தால் டியூ, அதாவது கடன் தவணை, கட்டியாக வேண்டும். உள்ளே இருக்கும் சரக்கு அடுத்தவருடையது. இதையெல்லாம் ஒரு ஆளிடம் கொடுத்து, அவர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் வருகிற வரைக்கும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் ஓனர் லைசென்சைப் பார்ப்பதற்கு முன்னால் "இவனை யாருக்குத் தெரியும்" என்றுதான் பார்ப்பார். "பையன் நல்லா ஓட்டுவான், நான் சொல்றேன்" என்று சொல்ல ஒரு ஆள் உங்களுக்கு வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு ஆளைச் சம்பாதிக்கும் வழிதான்.

லைசென்சில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள், நிறைய பேர் பார்ப்பதில்லை. சரக்கு வண்டி ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஹெவிக்கு எல்எல்ஆரே (பழகுநர் லைசென்ஸ்) போட முடியும். முன்பு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று இருந்தது, 2019ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும். முடிந்த தேதிக்கு மேல் 30 நாள் சலுகை இருந்த காலமும் போய்விட்டது, தேதி தாண்டினால் அடுத்த நாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாத டிரைவர்தான். அந்த நேரத்தில் விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த இழப்பீட்டை ஓனரிடம் திருப்பிக் கேட்கும். எந்த ஓனரும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார், பரிவாகன் இணையதளத்தில் உங்கள் நம்பரைப் போட்டுப் பார்ப்பார். அதற்கு முன்னால் நீங்களே போட்டுப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, டிரான்ஸ்போர்ட் என்று ஏறியிருக்கிறதா, எந்தத் தேதி வரை, எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு டிஜிலாக்கரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ஹெவி வருவதற்குக் காத்திருக்கும் தம்பிகளுக்கு இது ரொம்ப உதவும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்சிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. அதாவது டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இப்போதே ஓட்டலாம். அந்த ஒரு வருடத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்காதீர்கள். முட்டை ஏற்றுகிற வேன், காய்கறி பிக்கப், பால் வண்டி, எது கிடைத்தாலும் ஏறுங்கள். விடியற்காலை எழுந்து லோடு ஏற்றி, பில்லை வாங்கி, சொன்ன நேரத்துக்கு இறக்கி, கணக்கு ஒப்படைத்த ஆள் என்று சொல்வதற்கு ஒரு இடம் கிடைத்துவிடும். நான் டிரைவர் தேடும்போது ஏஸ் ஓட்டிய பையன் என்றால் சும்மா இருந்த பையனைவிட முன்னால் நிற்பான்.

டிரைவிங் ஸ்கூல் சொல்லித்தராதது

ஸ்கூலில் உங்களுக்குக் கொடுத்தது ஒரு பழைய ஆறு சக்கரம், காலி வண்டி, நேர் ரோடு. லோடு ஏறியதும் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், வளைவில் மேல்பாரம் ஒரு பக்கம் தள்ளும், ஏற்றத்தில் கியர் தவறினால் வண்டி பின்னால் உருளும். இதை யாராவது ஒரு பழைய டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். வசதி இருந்தால் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம், நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி நிலையம் மாதிரி இடத்தில் சேர்ந்து படியுங்கள், அந்தச் சான்றிதழுக்குப் பெரிய கம்பெனிகளில் மதிப்பு உண்டு. ஆனால் சான்றிதழோடு வந்தவனும் கொஞ்ச நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அந்தப் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை. "டிரைவர் வேலை இருக்குங்களா" என்று கேட்டால் இல்லை என்று சொல்வது ஓனருக்குச் சுலபம். "ஹெவி லைசென்ஸ் இருக்குங்ணா, ரெண்டு மாசம் கிளீனரா வர்றேன், காலியா வர்றப்ப அண்ணன் கொஞ்சம் கொடுத்தார்னா ஓட்டிக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். இப்போது கிளீனருக்கு ஆள் கிடைப்பது டிரைவர் கிடைப்பதைவிடக் கஷ்டம். நிறைய வண்டிகள் டிரைவர் ஒருவரை மட்டும் வைத்து ஓடுகின்றன. லைசென்ஸ் உள்ள கிளீனர் என்றால் ஓனருக்கும் லாபம், டிரைவருக்கும் ராத்திரி பேச்சுத்துணை. லைசென்ஸ் எடுத்துவிட்டுக் கிளீனராகப் போவதா என்று வீட்டில் கேட்பார்கள். இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் நாலரை மாதம் இருந்தேன், இன்றைக்கு என் கையில் இருக்கும் தொழில் முழுக்க அந்த நாலரை மாதத்தில் வந்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எத்தனை மாதத்தில் ஸ்டியரிங் கைக்கு வரும் என்று ஓனர் வாயால் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். சொல்லாமல் இழுத்தால் மூன்று மாதத்துக்குமேல் அங்கே நிற்காதீர்கள்.

எங்கே போய்க் கேட்பது

பேப்பர் விளம்பரத்தை நம்பி இருக்காதீர்கள். லாரித் தொழிலில் வேலை டயர் கடையிலும் பட்டறையிலும் டீக்கடையிலும்தான் பேசப்படுகிறது. எந்த வண்டிக்கு டிரைவர் நின்றுவிட்டார் என்பது ஓனருக்கு அடுத்தபடியாக பஞ்சர் கடைக்காரருக்குத்தான் தெரியும். பாடி கட்டும் பட்டறை, ஸ்ப்ரிங் பிளேட் பட்டறை, எடை மேடை, லாரிகள் டீசல் பிடிக்கும் பங்க், இந்த நான்கு இடத்தில் உங்கள் பெயரும் நம்பரும் இருக்கட்டும். லாரி உரிமையாளர்கள் சங்க ஆபீசுக்கு ஒரு தடவை நேரில் போய் வாருங்கள். சாயங்காலம் போங்கள், காலையில் ஓனர்கள் லோடு பிடிக்கும் பரபரப்பில் இருப்பார்கள், நின்று பேச மாட்டார்கள்.

எந்த ஊரில் எந்த வண்டி என்பதும் முக்கியம். நாமக்கல், சங்ககிரியில் வெளிமாநிலம் போகிற லைன் வண்டிகளும் நாமக்கல்லில் எல்பிஜி டேங்கர்களும் அதிகம். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள். அரியலூர் பக்கம் சிமென்ட், தூத்துக்குடியிலும் சென்னைத் துறைமுகங்களிலும் கன்டெய்னர் டிரெய்லர், ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி லோடு, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி, திருப்பூரில் பார்சலும் துணியும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது ஓடுகிறதோ அதில் ஆரம்பிப்பது நல்லது, ஏனென்றால் உங்கள் குடும்பத்தைத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பார். வெளியூரில் வேலை தேடும் பையனுக்கு அந்தச் சொல் கிடைக்காது.

எந்த வண்டியில் ஆரம்பிப்பது

இதில் எனக்குக் கொஞ்சம் கறாரான அபிப்பிராயம் உண்டு. முதல் வண்டி ஆறு சக்கரமாக இருக்கட்டும், லோக்கல் அல்லது ஒரே இரவில் போய்த் திரும்புகிற தூரமாக இருக்கட்டும். பார்சல் சர்வீஸ் நல்ல ஆரம்பம். தினமும் ஒரே ரோடு, ஒரே குடோன், நேரக்கட்டுப்பாடு இருக்கிறது, ராத்திரி ஓட்டிப் பழகலாம், சம்பளமும் மாதம் பிறந்தால் வந்துவிடும். சொந்த வண்டி வைத்திருக்கும் அரிசி ஆலை, தீவன ஆலை, பால் பண்ணை போன்ற இடங்களும் அப்படித்தான். சம்பளம் லைனைவிடக் குறைவு, ஆனால் ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் தெரிந்திருப்பதால் ஓட்டுவதில் மட்டும் கவனம் வைக்கலாம்.

ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கூலி தரும் டிப்பர் வேலைக்கு முதல் வருடத்தில் போகாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்கிறோமோ அவ்வளவு காசு என்று வந்துவிட்டால் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்திருக்காது. ஊருக்குள்ளே, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், ஜல்லி லோடோடு அந்த வேகம் பழகினால் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் அந்தக் கால் மாறுவதில்லை. நல்ல பையன்கள் இதில் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

போர்வெல் வண்டிக்குக் கூப்பிடுவார்கள். காசு வரும், ஆனால் மாதக்கணக்கில் வேறு மாநிலத்தில் ஒரே பகுதியில் கிடக்க வேண்டும், ஓட்டுவதைவிடக் குழாய் தூக்குவதுதான் அதிகம். கன்டெய்னர் டிரெய்லர் இப்போது வேண்டாம். ரிவர்ஸ் எடுப்பது தனி வித்தை, இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம். எல்பிஜி, பெட்ரோல், ஆசிட் டேங்கருக்கு 3 நாள் பயிற்சி முடித்து லைசென்சில் தனியாக ஏற்ற வேண்டும், அந்த அனுமதி 3 வருடத்துக்குத்தான் செல்லும். புது டிரைவரிடம் அந்த வண்டியை யாரும் தர மாட்டார்கள், தரக்கூடாது.

ஓட்டிக் காட்டும் நாள்

ஓனர் ஒரு நாள் "வா, ஒரு ரவுண்டு போலாம்" என்பார். பெரும்பாலும் அவர் வர மாட்டார், பழைய டிரைவர் ஒருவரை உட்கார வைப்பார். அவர் பார்ப்பது நீங்கள் எவ்வளவு வேகமாக ஓட்டுகிறீர்கள் என்பதை இல்லை. சாவியை வாங்கியதும் நேராக ஏறி உட்கார்ந்துவிட்டால் பாதி மார்க் போய்விட்டது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆயிலைப் பாருங்கள், ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். லீவர் கம்பியை எடுத்து ஒவ்வொரு டயரையும் தட்டிக் கேளுங்கள். காற்று சரியாக இருக்கும் டயர் 'டங்'கென்று கம்பியைத் திருப்பி எறியும், காற்று இறங்கியது 'தொப்'பென்று அமுங்கும். பின்னால் இரட்டை டயர் இருக்கிறதே, அதில் உள் டயர் இறங்கினால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும், இந்தச் சத்தம் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். ஸ்டார்ட் செய்ததும் பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டர் ஏறும் வரை காத்திருங்கள். கண்ணாடியை உங்கள் உயரத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். இவ்வளவும் ஐந்து நிமிடம்தான், ஆனால் அந்தப் பழைய டிரைவர் ஓனரிடம் போய்ச் சொல்லப்போவது இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான்.

அப்புறம் ரிவர்ஸ். கட்டாயம் எடுக்கச் சொல்வார்கள். முடிந்தவரை உங்கள் பக்கம், அதாவது வலது பக்கம் வளைந்து போகிற மாதிரி வண்டியை நிறுத்திவிட்டு எடுங்கள், ஜன்னல் வழியாகப் பின் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். சந்தேகமாக இருந்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள். எத்தனை முறை இறங்கினாலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள், நான் இன்னமும் இறங்கித்தான் பார்க்கிறேன். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். "மங்களூர் ரோடு போயிருக்கியா" என்றால் போகாமல் போனேன் என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள், அடுத்த கேள்வி எந்த மலை ஏறினாய் என்றுதான் வரும்.

பேசி முடிப்பது

வேலை கிடைத்த சந்தோஷத்தில் எதையும் கேட்காமல் வண்டி ஏறிவிடுவோம். நானும் அப்படித்தான் ஏறினேன், அதைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் ஓனர் "லைசென்ஸ் என்கிட்ட இருக்கட்டும், பத்திரமா இருக்கும்" என்று ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்தார். என்னிடம் ஜெராக்ஸ். மூன்றாவது மாதத்திலிருந்து சம்பளம் பாக்கி விழ ஆரம்பித்தது. கேட்டால் அடுத்த நடை, அடுத்த நடை. விட்டுவிட்டுப் போகலாம் என்றால் லைசென்ஸ் அவர் பீரோவில். கடைசியில் என் மாமா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் அதை வாங்கினோம், சம்பளத்தில் பாதி வரவே இல்லை. அதனால் ஒரிஜினல் லைசென்சை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், டிஜிலாக்கரில் காட்டுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்குமேல் கேட்கிற இடம் நல்ல இடமில்லை.

பெரிய முன்பணமும் அதே மாதிரி கயிறுதான். வீட்டுத் தேவைக்கு ஓனரிடம் மொத்தமாக வாங்கிவிட்டால் அது கழிகிற வரைக்கும் வண்டி எப்படி இருந்தாலும் ஏறியாக வேண்டும். முதல் ஆறு மாதம் ஒரு மாதச் சம்பளத்துக்குமேல் முன்பணம் வாங்காதீர்கள்.

சம்பளம் பல மாதிரி பேசுவார்கள். மாதச் சம்பளம், கூட நாளுக்கு இவ்வளவு பேட்டா (சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் தரும் படி) என்பது ஒன்று. வாடகையில் சதவீதம் என்பது இன்னொன்று. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றும் உண்டு. புதியவருக்கு மாதச் சம்பளமும் பேட்டாவும்தான் நல்லது. சதவீதத்தில் போனால் லோடு கிடைக்காமல் வண்டி நாலு நாள் சும்மா நின்று ஹால்ட் விழுந்தால் உங்கள் வயிறுதான் காயும். எதில் போனாலும் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஹால்ட் நாளுக்குப் பேட்டா உண்டா, டீசல் மைலேஜ் எவ்வளவு எதிர்பார்க்கிறார், குறைந்தால் பிடிப்பாரா, டயர் வெடித்தால் யார் கணக்கு, சரக்கு குறைந்தால் யார் கணக்கு, ஏற்று இறக்குக் கூலி யார் தருவது, வழியில் வரும் மாமூல் செலவு எந்தக் கணக்கில், ஊருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுவார். டோல் ஃபாஸ்டேகில் போய்விடும், அதில் பிரச்சினை இல்லை, ஆனால் பேலன்ஸ் யார் பார்ப்பது என்று கேளுங்கள், ராத்திரி டோல்கேட்டில் நின்று ஓனருக்குப் போன் அடித்துக்கொண்டிருப்பது கொடுமை. பேசியதை அன்றைக்கே வாட்சாப்பில் "அண்ணா, இப்படிப் பேசியிருக்கோம், சரிதானுங்களே" என்று அவருக்கு அனுப்பிவிடுங்கள். மரியாதையாகத்தான் இருக்கும், பின்னால் சண்டை வராது.

வண்டி இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டிரைவருக்கும் கிளீனருக்கும் கவர் சேர்த்திருக்கிறாரா என்று அதில் தெரியும். புதுப் பையன் இதைக் கேட்கலாமா என்று கூச்சப்படாதீர்கள். உங்கள் உயிர் பற்றிய காகிதம் அது.

முதல் நடை

கிளம்புவதற்கு முன்னால் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஆர்சி (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), பெர்மிட், வரி, புகைச் சான்று. எஃப்சி தேதி முக்கியம், எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடா வருடம். எது முடிந்திருந்தாலும் நிறுத்தப்படுவது நீங்கள்தான், ஓனர் இல்லை. அப்புறம் சரக்குக் காகிதம். இன்வாய்ஸ், லாரி ரசீது, இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி இணையதளத்தில் எடுக்கும் சீட்டு). வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்குமேல் சரக்கு என்றால் இ-வே பில் இல்லாமல் நகராதீர்கள். அதில் உங்கள் வண்டி நம்பர்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள், ஒரு எண் தப்பினால் செக்கிங்கில் வண்டியை ஓரங்கட்டி விடுவார்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள், வழியில் வண்டி ரிப்பேராகி நின்றால் முடிவதற்கு முன்னாலேயே புக்கிங் ஆபீசுக்குப் போன் செய்து நீட்டிக்கச் சொல்லுங்கள்.

லோடு ஏறியதும் எடை மேடைக்குப் போங்கள். அதிக எடை பிடிபட்டால் 20,000 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. "கொஞ்சம்தான் கண்ணு, பாத்துப் போ" என்று ஏற்றுகிற இடத்தில் சொல்வார்கள். சீட்டை ஓனருக்குப் போட்டோ எடுத்து அனுப்பி, அவர் போகச் சொல்கிறாரா என்று எழுத்தில் வாங்குங்கள். போகச் சொன்னாலும் வண்டி உங்கள் கையில்தான் இருக்கிறது, மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒவ்வொரு நடையும் ஓவர்லோடு என்றால் அந்த ஓனரிடம் முதல் வேலை வேண்டாம்.

தார்ப்பாயைப் பின்னாலிருந்து போட ஆரம்பியுங்கள். பின் பாய் முதலில், அதன்மேல் முன் பாய் ஏறி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடும்போது காற்று இடுக்கில் புகுந்து பாயைத் தூக்கிவிடும், மழை வந்தால் நேராகச் சரக்குக்குள் இறங்கும். கயிறு இழுத்துக் கட்டியதும் முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் லோடு கொஞ்சம் அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும், ஓரமாக நிறுத்தி இன்னொரு முறை இறுக்குங்கள். அந்த நிறுத்தத்தில் புறங்கையை டயர்மேலும் ஹப்மேலும் வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் சுடுகிறது என்றால் பிரேக் ஒட்டுகிறது அல்லது பேரிங் போகிறது.

மலை இறக்கத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கம் வரும். இரட்டைப் பாலம் பக்கம் எத்தனை வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். நான் கிளீனராக இருந்த வண்டியின் டிரைவர் அண்ணன் அந்த இறக்கம் தொடங்குவதற்கு முன்னால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், வண்டியை ஓரங்கட்டுவார். இறங்கி ஒரு சுற்று டயர் தட்டுவார். ஏறி உட்கார்ந்து ஏர் மீட்டரை விரலால் தட்டிப் பார்ப்பார். கியரைக் குறைத்து, புகைக்குழாயை அடைத்து இன்ஜினால் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, பின்னால் வருகிறவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அதே கியரில் இறங்குவார். "ஏறுறதுக்கு எந்த கியரோ எறங்குறதுக்கும் அதே கியர்" என்பார். பக்கத்திலேயே நியூட்ரலில் விட்டுக்கொண்டு பறந்து போவார்கள், கொஞ்சம் டீசல் மிச்சமாகும் என்று. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, முழு பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் லைனர் சூடேறினால் மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போய்விடும். மைலேஜ் குறைந்தது என்று ஓனர் திட்டினால் திட்டட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரல் மட்டும் வேண்டாம்.

மைசூர் பக்கம் லோடு என்றால் நேரத்தைக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு, மாலை 6 மணிக்குமேல் காலை 6 வரை லாரிகளை விட மாட்டார்கள். பந்திப்பூர் வழியும் ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். தெரியாமல் போனால் செக்போஸ்டில் ராத்திரி முழுக்க நிற்க வேண்டியதுதான்.

தூக்கம் வந்தால் நிறுத்துங்கள். நாளுக்கு 8 மணி நேரம் என்று சட்டம் இருந்தாலும் லைனில் அந்தக் கணக்கு நடப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் எப்பேர்ப்பட்டவனுக்கும் கண் சொருகும். ஜன்னலைத் திறப்பது, பாட்டு வைப்பது, பாக்கு போடுவது எதுவும் வேலைக்காகாது. வெளிச்சமான பங்கில் போட்டு முக்கால் மணி நேரம் படுத்தால் அடுத்த மூன்று மணி நேரம் நன்றாக ஓடும். ரோட்டு ஓரத்தில் இருட்டில் போட்டுப் படுக்காதீர்கள், பின்னால் வருகிறவனும் தூக்கத்தில்தான் வருவான். லேட்டானால் புக்கிங் ஆபீசுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னவனை யாரும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை.

ஒருவேளை விபத்து ஆகிவிட்டால், அடிபட்டவருக்கு 108ஐக் கூப்பிடுவதுதான் முதல் வேலை. அடிபட்டவருக்கு உதவி செய்து போலீசுக்குத் தகவல் சொல்வது டிரைவரின் சட்டக் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கேயே நிற்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை, நேராகப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஊருக்கு ஓடிப்போய் ஒளியாதீர்கள், அதோடு உங்கள் பக்க நியாயத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

கணக்கு நோட்டு

ட்ரிப் ஷீட்டு ஓனருக்கு. உங்களுக்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக வேண்டும். தேதி, ஏற்றிய இடம், இறக்கிய இடம், கிளம்பும்போதும் வந்தபோதும் கிலோமீட்டர், டீசல் எத்தனை லிட்டர், வாங்கிய பணம், செய்த செலவு. சரக்கு இறக்கியதும் ரசீதில் கையெழுத்தும் சீலும் வாங்கி அந்த இடத்திலேயே போட்டோ எடுத்து அனுப்புங்கள், அந்தக் கையெழுத்து இல்லாமல் ஓனருக்கு மீதி வாடகை வராது. நடை முடிந்து வண்டியைப் போட்ட அன்றைக்கே, குளிக்கக்கூடப் போகாமல், கணக்கை ஒப்படைத்துவிடுங்கள். என் வண்டிக்கு வந்த டிரைவர்களில் நான் இன்றும் பெயர் சொல்லிச் சிபாரிசு செய்பவர்கள் எல்லோரும் இதைச் செய்தவர்கள்தான்.

நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆறு மாதம் கழித்து அடுத்த ஓனர் "எத்தன வருசம் ஓட்டியிருக்க" என்று கேட்டால், அதை எடுத்து மேசைமேல் வையுங்கள். இத்தனை நடை, இத்தனை ஊர், இவ்வளவு மைலேஜ் என்று அதில் இருக்கும். அந்தக் கேள்விக்கு நான் பார்த்ததில் இதைவிட நல்ல பதில் இல்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம், பதிவுக்குக் காசு கிடையாது. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவி, 60 வயதுக்குமேல் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. பதியாமல் விட்டவர்களின் குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன், முதல் மாதமே பதிந்துவிடுங்கள், புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

பத்து சக்கரத்துக்கு மாற வேண்டும் என்றால் முதலில் இருக்கும் ஓனரிடமே கேளுங்கள். அவரிடம் டாரஸ், அதாவது பத்து சக்கர லாரி, இல்லாவிட்டால் வைத்திருப்பவரை அவருக்குத் தெரியும். வேலையை விடுவதாக இருந்தாலும் ஒரு முறை இருக்கிறது. பாதி வழியில் சாவியை பங்கில் கொடுத்துவிட்டு பஸ் ஏறாதீர்கள், ஒரு நாளுக்குள் எல்லா புக்கிங் ஆபீசுக்கும் அந்தச் செய்தி போய்விடும். பதினைந்து நாள் முன்னால் சொல்லுங்கள். வண்டியைச் சொந்த ஷெட்டில் கொண்டுவந்து போட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, லீவர், தார்ப்பாய், கயிறு எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து, ஃபைலை ஒப்படைத்து, கணக்கு முடித்து, இத்தனை மாதம் ஓட்டினான் என்று அவருடைய லெட்டர் பேடில் நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் நம்பரையும் அதில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த ஓனர் அந்த நம்பருக்குத்தான் முதலில் போன் அடிப்பார்.